நெல்லைச் சீமையில் யாருடைய கல்லறை எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாளையங்கோட்டைக்காரன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வண்டியை எடுத்துக்கொண்டு பழைய கல்லறைகளைப் பார்க்கப் போகும் பழக்கம் எனக்கு உண்டு. வீட்டில் இதற்கு நல்ல பெயர் கிடையாது. ஆனால் வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், அவர்களுடைய கூட்டாளிகள், அந்தக் கூட்டாளிகளின் பிள்ளைகள் என்று ஆளாளுக்குப் போன் போட்டு ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

திருநெல்வேலியில போய்ப் பார்க்கிற மாதிரி யாரு கல்லறை இருக்கு?

திருநெல்வேலி என்று நான் சொல்வது பழைய ஜில்லாவை. 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி பிரிந்தது. கல்லறையில் இருப்பவர்கள் யாருக்கும் இது தெரியாது என்பதால் மூன்றையும் சேர்த்தே பேசுகிறேன்.

இடையன்குடியில் கால்டுவெல், பாளையங்கோட்டையில் ரேனியஸ், குளோரிந்தா, கலெக்டர் ஆஷ், டோனாவூரில் ஏமி கார்மைக்கேல், எட்டயபுரத்தில் உமறுப்புலவர், முத்துசுவாமி தீட்சிதர், பாஞ்சாலங்குறிச்சியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். முதலில் கேட்பவர்களுக்கு இவ்வளவு போதும். கல்லறையே இல்லாதவர்களின் பட்டியலும் ஒன்று உண்டு. எனக்கு அதில்தான் ஆர்வம் அதிகம். அது கீழே வரும்.

ஒரே நாள்ல எல்லாத்தையும் பார்த்துரலாமா?

முடியாது. முயன்று பார்த்தவர்கள் சாயங்காலம் ஏதாவது டீக்கடையில் உட்கார்ந்து என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

பாளையங்கோட்டைக்கு அரை நாள் வேண்டும். இடையன்குடி, டோனாவூர் இரண்டும் தெற்கே, அவற்றை ஒரு நாளில் சேர்த்துப் பார்க்கலாம். கயத்தாறு, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி வடக்கே, அதற்கு இன்னொரு நாள். ஆதிச்சநல்லூர் திருச்செந்தூர் சாலையில் இருப்பதால், முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். வெயில் காலத்தில் வடக்கே போவதாக இருந்தால் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். கரிசல் காட்டில் பதினோரு மணிக்கு மேல் நிற்க நிழல் கிடைக்காது.

கால்டுவெல் கொடைக்கானல்ல இறந்தார்னு படிச்சேன். அப்ப இடையன்குடியில இருக்கிறது வெறும் நினைவுச் சின்னமா?

இல்லை, அவர் அங்கேதான் இருக்கிறார். 1891 ஆகஸ்ட் 28-ஆம் தேதி கொடைக்கானலில் இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி, பாதித் தமிழ்நாட்டைத் தாண்டி, தேரிக்காட்டுக்குள் இருக்கும் இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய தூய திரித்துவ ஆலயத்துக்குள்ளேயே பலிபீடத்தின் கீழ் அடக்கம் செய்தார்கள். வெளியே தோட்டத்தில் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டால், 1841 முதல் அவருக்கு ஊர் என்றால் அதுதான். அந்தக் கோயிலுக்கு (சர்ச் என்பதை இந்தப் பக்கம் நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்) 1847-இல் அடித்தளம் போட்டார். வேலை முடிந்து திறந்தது 1880-இல். முப்பத்து மூன்று வருஷம். அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது, பிஷப் பட்டமும் வந்தது, கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்ததும் நடந்தது. அவர் இருந்த வீடும் பக்கத்திலேயே நினைவு இல்லமாக இருக்கிறது. கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

நாங்க கிறிஸ்தவங்க இல்லை. உள்ளே விடுவாங்களா? மாலை போடலாமா?

விடுவார்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மற்ற நேரங்களில் கதவு பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் போதும், ஒரு பையன் ஓடிப்போய் வாங்கிவருவான். செருப்பை வாசலில் விட்டுவிடுங்கள்.

பூ வைக்கலாம். கற்பூரம், ஊதுபத்தி வேண்டாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் போனால் தோட்டம் முழுக்கப் பூவும் மெழுகுவர்த்தியுமாக இருக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது குடும்பங்களுக்கான நாள். அழுதுகொண்டிருப்பவர்களுக்கு நடுவே செல்ஃபி குச்சியோடு திரிந்தால் நன்றாக இருக்காது.

ரேனியஸ் கல்லறை அடைக்கலாபுரத்துல இருக்குன்னு சொன்னீங்க. போனோம் அண்ணாச்சி, அங்க ஒருத்தருக்கும் தெரியலையே?

நீங்கள் திருச்செந்தூர் பக்கத்து அடைக்கலாபுரத்துக்குப் போயிருப்பீர்கள். அது வேறு ஊர், கத்தோலிக்க ஊர். ரேனியஸ் இருப்பது பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில். எனக்கும் இதே கதிதான். சென்னையிலிருந்து வந்திருந்த மாமாவை நம்பிக்கையோடு கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் ரோட்டில் போய், ஒரு பாட்டியிடம் "ஜெர்மன்காரர் கல்லறை" என்று விசாரித்தேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஜெர்மன்காரன் இங்க எதுக்குய்யா சாகணும்?" என்றார். மாமா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

ரேனியஸ் கட்டின ஊசிக்கோபுரத்தை விட்டுட்டு வேற இடத்துல ஏன் புதைச்சாங்க?

இது நல்ல கேள்வி. கார்ல் தியோபிலஸ் எவால்ட் ரேனியஸ் பிரஷ்யாக்காரர், லூத்தரன். 1814-இல் சென்னைக்கு வந்தார், 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவரை அனுப்பியதோ ஆங்கிலேயத் திருச்சபையைச் சேர்ந்த சி.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கம். ஊழியர்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பது யார், எந்த முறைப்படி கொடுப்பது என்பதில் தகராறு முற்றி, 1835-இல் சங்கம் அவரை நீக்கிவிட்டது. ஊரைவிட்டுப் போனவரை இங்கிருந்த உபதேசிமார்களே திரும்பக் கூப்பிட்டார்கள். வந்து தனியாக ஊழியம் செய்தார். அந்த நிலையிலேயே 1838 ஜூன் 5-ஆம் தேதி இறந்தார்.

சரி, சங்கத்தால் நீக்கப்பட்டவர், சங்கத்தின் வளாகத்துக்கு வெளியே படுத்திருக்கிறார். 1826-இல் அவர் கட்டிய கோயிலின் கோபுரத்தைத்தான் இன்றைக்கு ஊருக்கே அடையாளமாகக் காட்டுகிறோம். கட்டியவரின் கல்லறைக்கு மட்டும் வழி கேட்டுத்தான் போகவேண்டியிருக்கிறது. அவர் எழுதிய தமிழ் இலக்கணமும், வேதாகம மொழிபெயர்ப்பில் அவர் செய்த திருத்தங்களும் தனிக் கதை.

குளோரிந்தா யாரு? வெள்ளைக்காரப் பேரா இருக்கே.

பெயர் மட்டும்தான் அப்படி. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார், அவரோடு பாளையங்கோட்டைக்கு வந்தார். அந்த உறவு இருந்தவரை ஞானஸ்நானம் கொடுக்க மறுத்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (பாதிரியாரை இங்கே ஐயர் என்போம்), அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-இல் கொடுத்தார். 1785-இல் குளோரிந்தா கட்டிய சிறிய கோயிலை இன்றைக்கும் சனங்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். அவர் வெட்டிய கிணறு பாப்பாத்தியம்மாள் கிணறு. மதம் மாறியும் சாதிப் பெயர் விடவில்லை பாருங்கள், கிணற்றுக்கும் சேர்த்து ஒட்டிக்கொண்டது.

1806-இல் இறந்தார். கல்லறை அந்தக் கோயிலை ஒட்டியே இருக்கிறது. ரேனியஸ் வருவதற்குப் பதினான்கு வருஷம் முன்பே இங்கே ஒரு சபையை உண்டாக்கி வைத்துவிட்டுப் போனவர். பாளையங்கோட்டையில் ஒரே ஒரு கல்லறை பார்க்கத்தான் நேரம் என்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

டோனாவூர்ல ஏமி கார்மைக்கேல் கல்லறையில பேரே போடலையாமே, நிஜமா?

நிஜம். தனக்குக் கல்லறைக் கல் எதுவும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். 1951 ஜனவரி 18-இல் இறந்தார். அவர் வளர்த்த பிள்ளைகளுக்கு மனசு கேட்கவில்லை. கல் வைக்கக் கூடாது என்றுதானே சொன்னார் என்று, அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் "அம்மா" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. பெயர் இல்லை, வருஷம் இல்லை, வேத வசனம்கூட இல்லை. நான் போன அன்று தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று விளிம்பில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஒன்று உள்ளே இறங்கிச் சிறகை அடித்ததில் தண்ணீர் தெறித்து அந்த எழுத்து நனைந்தது. பத்து நிமிஷம் நின்று பார்த்தேன்.

அயர்லாந்தில் பிறந்தவர், 1901-இல் டோனாவூருக்கு வந்தவர். இந்துக் கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுக்கத் தொடங்கி அங்கேயே இருந்துவிட்டார். 1931-இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, கடைசி இருபது வருஷமும் பெரும்பாலும் படுக்கைதான். டோனாவூர் என்ற பெயரும் ரேனியஸ் காலத்தது. நிலத்துக்குப் பணம் கொடுத்த டோனா பிரபுவின் பெயரை ஊருக்கு வைத்தார்.

ஒன்று கவனிக்க வேண்டும். அது இன்றும் இல்லமாகவே நடக்கிற இடம், சுற்றுலாத் தலம் அல்ல. முன்னாலேயே கேட்டுக்கொண்டு போங்கள்.

ஜி.யு. போப் சாயர்புரத்துலதானே இருந்தார், கல்லறையும் அங்கதானா? "நான் ஒரு தமிழ் மாணவன்"னு அதுல எழுதியிருக்காமே?

இரண்டுக்கும் இல்லை. சாயர்புரத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார், ஆனால் 1908 பிப்ரவரியில் இங்கிலாந்தில்தான் இறந்தார். ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

அந்த "தமிழ் மாணவன்" வாசகத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து நாம் எல்லோரும் படித்திருக்கிறோம், மேடையில் கேட்டிருக்கிறோம். கல்லில் அது கிடையாது. தென்னிந்தியாவைச் சேர்ந்த போப் என்றும், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்றும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அந்தக் கல்லை வைத்ததாகவும் அதிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து நண்பர்கள் பங்கு போட்டு ஆக்ஸ்போர்டில் கல் வைத்தார்கள் என்பது, இல்லாத வாசகத்தைவிடப் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. இதைச் சொன்னதற்காக ஒரு தமிழாசிரியர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

எட்டயபுரத்துல பாரதியார் சமாதி எங்க இருக்கு?

இல்லை. எட்டயபுரம் பிறந்த ஊர். 1921 செப்டம்பரில் சென்னை திருவல்லிக்கேணியில் இறந்து, கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில் எரியூட்டப்பட்டார். கூடப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எட்டயபுரத்தில் நீங்கள் பார்ப்பது 1947-இல் திறந்த மணிமண்டபம். மண்டபத்தைப் பார்த்தால் சமாதி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கும்பிடட்டும், தப்பில்லை.

அப்ப எட்டயபுரத்துல யார்தான் இருக்காங்க?

உமறுப்புலவர் இருக்கிறார். சீறாப்புராணம் பாடியவர், ஐயாயிரம் பாட்டுக்கு மேல். கடிகை முத்துப் புலவரிடம் தமிழ் படித்து, எட்டயபுரம் அரண்மனைப் புலவரானவர். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாட ஆரம்பித்தார், முழுதும் முடிக்கவில்லை. மிச்சத்தைப் பிறகு பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். 1703-இல் உமறு காலமானார், அடக்கத்தலம் எட்டயபுரத்திலேயே இருக்கிறது. தர்கா என்று கேட்டால் வழி சொல்வார்கள். எந்த மதத்தவரும் போகலாம். தலையில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொண்டால் மரியாதை.

இன்னொருவர் முத்துசுவாமி தீட்சிதர். திருவாரூரில் பிறந்தவர் எட்டயபுரத்துக்கு வந்ததற்குக் காரணம், தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இங்கே அரண்மனை வித்வான். 1835 தீபாவளி அன்று, சீடர்களை "மீனாக்ஷி மே முதம் தேஹி" பாடச் சொல்லிக் கேட்டபடியே உயிர் பிரிந்தது என்பார்கள். "மீனலோசனி பாசமோசனி" என்ற இடத்தைத் திரும்பப் பாடச் சொன்னாராம். பூர்விகல்யாணி தெரிந்தவர்கள் அந்தச் சமாதியில் நின்று மெல்ல முணுமுணுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தீட்சிதர் பிராமணர், குடும்பஸ்தர். எரிச்சிருப்பாங்களே, சமாதி எப்படி?

சமாதி என்ற சொல்லை வைத்து மண்ணுக்குள் உடல் இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். நம் பக்கம் நினைவிடத்துக்கும் சமாதி என்றுதான் பெயர். துறவிகளை உட்கார்த்தி அடக்கம் செய்வது வேறு வழக்கம்.

தர்காவிலும் இப்படி ஒன்று உண்டு. தென்காசி மாவட்டம் பொட்டல்புதூரில் முகைதீன் ஆண்டவர் பெயரில் பெரிய தர்கா இருக்கிறது, எல்லா மதத்தாரும் போகிறார்கள். ஆனால் முகைதீன் அப்துல் காதிர் ஜீலானி அடங்கியிருப்பது பாக்தாதில். அடக்கம் இல்லாமலே தர்கா.

கட்டபொம்மன் கல்லறை எங்கே? பாஞ்சாலங்குறிச்சியில கல்லறை பார்த்தோமே, அதுவா?

அது அவருடையது இல்லை, அவரோடும் அவர் தம்பி ஊமைத்துரையோடும் சண்டை போட வந்தவர்களுடையது. வீரபாண்டிய கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-இல் கயத்தாறில் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். அவருக்குக் கல்லறை கிடையாது. கயத்தாறில் இருக்கும் சிலை, சிவாஜி கணேசன் தன் காசில் இடம் வாங்கி 1970-இல் வைத்தது. அமைச்சர் தானாபதிப் பிள்ளைக்கு இன்னும் மோசம். நாகலாபுரத்தில் கொன்று, தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டியில் குத்தி வைத்தார்கள்.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துத் தரைமட்டமாக்கிய மண்கோட்டையை மறுபடி எழுப்பினார். மார்ச் 31-இல் கும்பெனிப் படை முட்டிப் பார்த்துப் பலத்த சேதத்தோடு பின்வாங்கியது. மே 24-இல்தான் கோட்டை விழுந்தது. அந்த இரண்டு மாதத்தில் செத்த ஆங்கிலேயர்களின் கல்லறைகள்தான் நீங்கள் பார்த்தவை. நவம்பர் 16-இல் ஊமைத்துரையையும் அதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள். அவருக்கும் கல் இல்லை. படையெடுத்து வந்தவன் செத்தால் அவனுக்குக் கல்லில் எழுத்து வெட்டக் கொத்தன் இருந்தான். கோட்டையைக் காத்தவனுக்கு வில்லுப்பாட்டும் கும்மியும்தான். அங்கே போகிறவர்கள் 1974-இல் கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கல்லறைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆஷ் துரை கல்லறை தூத்துக்குடியில இருக்கிற மண்டபம்தானே?

இல்லை. தூத்துக்குடியில் இருப்பது நினைவு மண்டபம். உடல் பாளையங்கோட்டையில், ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

1911 ஜூன் 17, மணியாச்சி சந்திப்பு. கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷை, செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டார். பிறகு பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஆஷுக்குக் கல்லறையும் உண்டு, மண்டபமும் உண்டு. வாஞ்சிக்குப் புதைத்த இடம் என்று காட்ட ஒன்றும் இல்லை. ரயில் நிலையத்துக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆஷ் கல்லறையைப் போய்ப் பார்க்கிறது தப்பில்லையா?

இதைக் கோபமாகவே கேட்டவர்கள் உண்டு. வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதில் அந்த ஆளுக்குப் பங்கு உண்டு என்பது தெரிந்ததுதான். பார்ப்பது வேறு, கும்பிடுவது வேறு. நான் பார்ப்பேன், பூ வாங்கிக்கொண்டு போகமாட்டேன். முப்பத்தெட்டு வயதில் செத்த ஒரு மனிதன் என்பதும் அங்கே நிற்கும்போது தோன்றத்தான் செய்கிறது. இரண்டும் ஒன்றாகத் தோன்றினால் என்ன குறைந்துவிடும்?

மருதநாயகத்தோட கை பாளையங்கோட்டையில புதைச்சிருக்காங்களாமே?

இது வழிவழியாக வரும் கதை. மருதநாயகத்தை, அதாவது கான்சாகிபு என்ற யூசுப் கானை, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிட்டார்கள். மூன்று முறை தொங்கவிட்டும் சாகவில்லை என்றும், பயந்துபோய் உடலைத் துண்டாக்கி, தலையைத் திருச்சிக்கும் கைகால்களை வேறு வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள் என்றும், அதில் ஒரு பங்கு பாளையங்கோட்டைக்கு வந்தது என்றும் சொல்வார்கள். இந்தச் சீமையையும் மதுரையையும் சேர்த்து நிர்வாகம் பண்ணியவர் என்பதால் அந்தக் கதைக்கு இங்கே மவுசு. மதுரை சம்மட்டிபுரத்தில் அவருக்குப் பள்ளிவாசல் இருக்கிறது, அங்கே போகலாம். பாளையங்கோட்டையில் இதுதான் இடம் என்று எனக்கு யாரும் காட்டியதில்லை. காட்டுகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பூலித்தேவர் சமாதி எங்கே என்பதற்கும் இதே வகைப் பதில்தான். சங்கரன்கோவில் சன்னிதிக்குள் போனவர் அப்படியே மறைந்துவிட்டார் என்பது கதை. அந்த இடத்தைக் கோயிலுக்குள்ளேயே காட்டுவார்கள்.

வீரமாமுனிவர் மணப்பாட்டுல அடக்கமாகியிருக்கார்னு எங்க வாத்தியார் சொன்னார்.

அப்படி ஒரு பழைய வழக்கு இருந்தது. காமநாயக்கன்பட்டி, கயத்தாறு பக்கமெல்லாம் அவர் ஊழியம் செய்ததால் அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. ஆனால் அவர் இறந்தது 1747 பிப்ரவரி 4-இல், கேரளத்து அம்பழக்காட்டில். கல்லறை அந்தப் பக்கம்தான்.

இதோடு சேர்த்து இன்னும் மூன்றைச் சொல்லிவிடுகிறேன், இவர்களையும் இங்கே தேடுகிறார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த பிஷப் அசரியா தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல்லில், பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் சென்னை வாலாஜா பள்ளிவாசலில், காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில்.

நீங்க சொல்ற லிஸ்ட்ல ஏன் பாதிரிமாரும் வெள்ளைக்காரங்களுமே அதிகமா இருக்காங்க?

புதைக்கிறவர்களுக்குக் கல் நிற்கும், எரிக்கிறவர்களுக்குச் சாம்பல் தாமிரபரணியில் போய்விடும். முதல் காரணம் அதுதான். இரண்டாவது காசு. புதைக்கும் வழக்கமுள்ள எத்தனையோ சாதிகள் இங்கே உண்டு, மண்மேடு இரண்டு மழைக்குத் தாங்காது. மூன்றாவது, பேர் எழுதி வைக்கிற பழக்கம். இஸ்லாமியர் மையவாடியில் பெரும்பாலும் பெயர் வெட்டாமல் வெறும் மீசான் கல் நட்டிருப்பார்கள். அதனால் கல்லை மட்டும் நம்பி ஜில்லா சரித்திரம் எழுதினால், வெள்ளைக்காரன்தான் இங்கே வாழ்ந்தான் என்று முடிந்துவிடும்.

இருக்கிறதுலயே பழைய கல்லறை எது?

ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் பரம்பு முழுக்க முதுமக்கள் தாழி. 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்துக்கொண்டு போனவை பெர்லினுக்குப் போயின. அலெக்சாண்டர் ரீ 1899-இலிருந்து சில வருஷங்கள் தோண்டினார், அவர் எடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பல இருக்கின்றன. பொன்னால் செய்த நெற்றிப்பட்டங்கள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலத்தில் சேவலும் எருமையும். இப்போது தோண்டிய குழியை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழி, தாழிக்குள் எலும்பு, பக்கத்தில் சின்னக் கிண்ணம். செத்தவருக்குச் சாப்பிட வைத்தது.

கல்லுல எழுத்து தேஞ்சு போயிருக்கு. சுண்ணாம்போ சாக்பீஸோ தடவிப் படிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். சுண்ணாம்பு, புளி, ஆசிட், கம்பி பிரஷ் எதுவும் கூடாது. ஒரு புண்ணியவான் பளிச்சென்று ஆக்குகிறேன் என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நூற்றைம்பது வருஷம் மழைக்குத் தாங்கிய ஒரு வரியை அரை மணி நேரத்தில் அழித்ததைப் பார்த்தேன்.

வெயில் சாய்ந்து விழும் நேரத்தில், காலை ஏழு மணி அல்லது மாலை ஐந்து மணிக்குப் போங்கள். அப்படியும் தெரியாவிட்டால் குடிக்கிற பாட்டில் தண்ணீரைக் கல்மேல் மெல்ல ஊற்றி, செல்போன் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் கிடையாக வைத்து அடியுங்கள். மேடான இடம் முதலில் காயும், பள்ளத்தில் ஈரம் நிற்கும், ஒரு நிமிஷத்துக்கு எழுத்து கறுப்பாக எழும்பி வரும். அதற்குள் போட்டோ எடுத்துவிடுங்கள்.

வருஷம் புரியலை. 900-த்துச் சொச்சம்னு போட்டிருக்கு, அவ்வளவு பழசா?

அது கொல்லம் ஆண்டாக இருக்கும். திருநெல்வேலிச் சீமையில் அதுதான் புழக்கத்தில் இருந்தது. 825-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். கொல்லம் 1000 என்றால் 1824–25. ஹிஜ்ரி ஆண்டாக இருந்தால் 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டுங்கள், ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கும். உமறுப்புலவரின் 1703 ஹிஜ்ரியில் 1115 பக்கம் வரும்.

பழைய தமிழ்க் கல்லில் பல நேரம் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் சொல் பிடிபடும்.

எங்க பாட்டனார் பாளையங்கோட்டையில அடக்கம். கல் இல்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எந்த சபை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கோயிலிலும் அடக்கப் பதிவேடு உண்டு. பெயர், வயது, இறந்த தேதி, அடக்கம் செய்த தேதி, நடத்திய ஐயர் பெயர் இருக்கும். வருஷம் உத்தேசமாகவாவது தெரிய வேண்டும், "எங்க அப்பா சின்னப் பையனா இருந்தப்ப" என்று போய் நின்றால் பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்? ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கேட்காதீர்கள், வார நாளில் போங்கள். ஆங்கிலேயர், ஆங்கிலோ இந்தியர் என்றால் அந்தக் காலத்துச் சபைப் பதிவுகளின் நகல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஜே.ஜே. காட்டன் 1905-இல் சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்துப் போட்ட பட்டியலையும் பாருங்கள்.

பதிவேட்டில் பெயர் கிடைத்தாலும் எந்த இடம் என்று பெரும்பாலும் இருக்காது. அதற்கு அந்தத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவரைத்தான் கேட்க வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனால் இருப்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, தாத்தா பெயரைச் சொல்லாதீர்கள், தாத்தாவுக்குப் பக்கத்தில் யாரைப் புதைத்தார்கள் என்று சொல்லுங்கள்.